வால் நறுக்கிய குதிரை

குதிரையிலிருந்து இறங்கி நேரே மேரிமிடம் வந்த பெரியவர், அவளுடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, "மனசத் தேத்திக்க, மகளே. தெம்பா இரு" என்றார்.

அவ்வளவுதான். மறுபடி சேணத்தில் ஏறி, ஆட்டு மந்தையைச் சீட்டியடித்து ஒதுக்கியபடி பள்ளத்தாக்கில் இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச தூரம் முதுகும் தொப்பியுமாகத் தெரிந்தார், பிறகு தொப்பி மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

காலை எட்டரை மணி. வெயில் சுளீரென்று அடித்தது. புல் முழுக்கப் பனித்துளி. துக்கம் விசாரிக்கத் தோதான இடமும் அல்ல, நேரமும் அல்ல. அதோடு, மேரிமின் வீட்டில் யாரும் சாகவும் இல்லை.

அந்த வார்த்தையை அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு எங்களவர் யாரும் சும்மா சொல்லிவிடுவதில்லை. பரீட்சையில் தவறியவனிடம் சொல்வதில்லை. வேலை போனவனிடம் சொல்வதில்லை. இழவு வீட்டில், அதிலும் செத்தவருக்கு ரொம்ப நெருங்கியவரிடம் மட்டும் சொல்வது அது.

"பாத்தியா?" என்றான் எர்மெக், முதுகுப்பையை இறக்கிவிட்டு. "இருபது வருஷமா நீ என்கூடக் குடும்பம் நடத்துறேன்னு அந்த மனுசனுக்கு மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கு. விசாரிச்சிட்டுப் போறாரு."

"வேற யாரோன்னு நெனச்சிருப்பாரு."

"வேற யாராவது இந்த மாதிரி சிவப்புக் குல்லா போட்டுக்கிட்டு மலையேற வருவாங்களா, டீச்சர்?"

மேரிம் சிரித்தாள். கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். பெரியவரின் உள்ளங்கை அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

ஆகஸ்ட் மாதம் வந்தால் பிஷ்கெக் நகரமே மூட்டை கட்டிக்கொண்டு இசிக்-குல் ஏரிக்கரைக்குப் போகும். மணலில் படுக்கும், வேகவைத்த சோளமும் புகைபோட்ட மீனும் தின்னும், தோல் உரிந்து வீடு திரும்பும். எர்மெக்கும் மேரிமும் பத்தொன்பது வருஷம் அதைத்தான் செய்தார்கள். நடந்து மலையேறுவது வெளிநாட்டுக்காரர்களின் வியாதி. நடப்பதற்காகவா நம் முன்னோர் குதிரையைப் பழக்கினார்கள் என்பது எர்மெக்கின் கட்சி. அவன் கல்யாண வீடுகளில் ஒலிவாங்கி பிடித்து விருந்தை நடத்திக்கொடுப்பவன். முந்நூறு பேரை ஒரே மூச்சில் சிரிக்கவைப்பான். போன பிப்ரவரியில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவன் பாதி வாக்கியத்தில் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். அதுவும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று எல்லோரும் கைதட்டினார்கள். இதயத்தில் இரண்டு அடைப்பு.

அதற்குப் பிறகு எர்மெக் சோபாவை விட்டு எழவில்லை. டீ கேட்பான், தொலைக்காட்சி பார்ப்பான், சோபாவைப் பற்றி நகைச்சுவை சொல்வான். வேதியியல் டீச்சரான மேரிம் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தாள். கல்யாணமாகி இருபதாவது வருஷம், ஏரி வேண்டாம், கணவாய் ஏறி அந்தப் பக்கம் வெந்நீர் ஊற்றுக்குப் போகிறோம், ஒரே நாள் நடை, இறங்குமிடத்தில் வண்டி நிற்கும் என்று முடிவு செய்தாள். "டாக்டர் நடக்கத்தானே சொன்னாரு?" என்றாள்.

டாக்டர் சொன்னது, "நிறைய நடக்கட்டும், ஆனா சமதளத்துல." எர்மெக் அப்போது சட்டை போட்டுக்கொள்ளப் பக்கத்து அறைக்குப் போயிருந்தான். அந்த வாக்கியத்தின் பின்பாதி மேரிமுக்கு மட்டும்தான் தெரியும். அவனைச் சோபாவிடம் பறிகொடுப்பதைவிட மலையில் கொஞ்சம் மூச்சு வாங்கவைப்பது மேல் என்று அவள் நினைத்தாள். இன்றைக்கும், காலையில் எழுந்ததிலிருந்து, அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிவரை எல்லாம் நன்றாகவே போனது. தேவதாருக்கள் முடிந்து புல்வெளி வந்தது, புல்வெளி முடிந்து கல் வந்தது. எர்மெக் நூறடிக்கு ஒருமுறை நின்று, காட்சியை ரசிக்கிறவன் மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டான். மேரிம் அவனைப் பார்க்காத மாதிரி அவனுடைய மூச்சைக் கேட்டாள். உள்ளே போகும்போது ஒரு சின்னச் சீழ்க்கை. வெளியே வரும்போது ஒன்றுமில்லை.

பதினோரு மணிக்குக் கணவாயின் வாயிலிருந்து மேகம் வழிய ஆரம்பித்தது.

பால் பொங்குகிற மாதிரி விளிம்புக்கு மேல் எழுந்து, ஒரு கணம் தயங்கி, பாறைகளின் மேல் சரிந்து, சத்தமில்லாமல் அவர்களை நோக்கி இறங்கிய அந்த மேகத்துக்கு முன்னால் ஒரு வாடை வந்தது, ஈரக் கம்பளியும் பழைய புகையும் கலந்த வாடை, நனைந்த கம்பளங்களை மூடிய அறையில் அடுக்கிவைத்தது போல. அதுவரை பொந்துக்குப் பொந்து கூவிக்கொண்டிருந்த மலையணில்கள் யாரோ கையமர்த்தியது போல ஒன்றாக வாயை மூடின. முதலில் தூறல். பிறகு மிளகளவு ஆலங்கட்டி. பிறகு காற்று திரும்பியது, பனி விழத் தொடங்கியது. ஆகஸ்டில் பனி விழாது என்று இல்லை. ஆனால் இப்படிப் படுக்கைவாட்டில், முகத்தைப் பார்த்துக் குறிவைத்து விழாது.

"நானா கேட்டேன்?" என்று கத்தினான் எர்மெக், காற்றுக்கு மேலாக. "இந்நேரம் மணல்ல படுத்துக்கிட்டு, உன் தலைமையாசிரியை நீச்சலுடையில வர்றதப் பாத்து பயந்துக்கிட்டிருப்பேன்!"

"பேசாத! மூச்ச வீணாக்காத!"

"பேசறதுதான்டி என் மூச்சு!"

அதுதான் அவன் அன்று ஏறும்போது மூச்சு வாங்காமல் சொன்ன கடைசி நகைச்சுவை. அரை மணி நேரம் கழித்து அவன் ஒரு பாறையில் உட்கார்ந்தான். இடுப்பில் கைவைத்துக்கொள்ளவில்லை. காட்சியை ரசிக்கவில்லை. ரசிக்கக் காட்சியும் இல்லை, நான்கு அடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. மேரிம் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். உதடுகள் அவுரிநிறமாக இருந்தன. நாக்கடியில் மாத்திரையை வைத்தாள். கைபேசியை எடுத்துப் பார்த்தாள்; அது கடிகாரமாக மட்டும் உதவியது. ஒன்று பத்து. திரும்பி இறங்கினால் ஐந்து மணி நேரம். கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஒரு மணி நேரத்தில் வெந்நீர் ஊற்று, வீடு, வண்டி, மனிதர்கள். ஆனால் தாண்டவேண்டும்.

"ஏதாவது சொல்லு" என்றாள்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். எர்மெக் பேசாமல் இருந்து அவள் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அது பிப்ரவரியில், மேடையில்.

அப்போது கடிவாள இரும்பு கலகலத்தது.

மேகத்துக்குள் ஒரு இருட்டு கூடிக் குதிரையாயிற்று. கரும்பழுப்பு. ஆள் இல்லை. கழுத்தில் பனி படியவில்லை. விழுந்த பனி உடனே உருகி ஆவியாகிக்கொண்டிருந்தது. மெதுவாக வந்து எர்மெக்கின் எதிரே நின்று, தலையைத் தாழ்த்தி, அவன் மார்பை முகர்ந்தது.

மேரிம் முதலில் சேணத்தைப் பார்த்தாள். அது முன்பின்னாகத் திருப்பிக் கட்டப்பட்டிருந்தது. பிறகு பின்னால் போய்ப் பார்த்தாள். வால் பாதியில் நறுக்கப்பட்டிருந்தது. பிடரியும் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது, புதிதாக, சீராக, யாரோ பொறுமையாக உட்கார்ந்து வெட்டியதுபோல.

அவளுக்குத் தெரியும். நாரின் மலைப்பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அது செத்தவனின் குதிரை. எசமான் போனதும் வாலை நறுக்கி, சேணத்தைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். அதன்மேல் யாரும் ஏறமாட்டார்கள். வருஷம் முழுக்கச் சும்மா மேயும், வருஷத் திதியன்று அறுப்பார்கள்.

எர்மெக் பிஷ்கெக்கில் ஐந்தாம் மாடியில் பிறந்து வளர்ந்தவன். குதிரையின் மூக்கில் விரலை வைத்து, மூச்சைத் தேடித் தேடிச் சொன்னான்: "எனக்குத் தெரிஞ்ச குதிரையெல்லாம்... வட்ட வட்டமா நறுக்கி... தட்டுல வர்றதுதான். இது முழுசா வந்திருக்கு."

"எங்கயோ அவுத்துக்கிட்டு வந்திருக்கு. வேணாம். விடு."

"டீச்சர்." அவன் அவளை அண்ணாந்து பார்த்தான். கண்ணில் வேடிக்கை எதுவும் இல்லை. "என்னால ஒரு அடி வைக்க முடியாது."

மேரிம் நின்றாள். பனி அவள் காதுக்குள் விழுந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு ஆவர்த்தன அட்டவணை சொல்லிக்கொடுத்தவள் நான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வால் என்பது முடி, முடி என்பது புரதம். சேணம் என்பது தோல். வேறு ஒன்றும் இல்லை.

விரைத்த விரல்களால் வயிற்று வாரை அவிழ்த்தாள். சேணத்தைத் தூக்கினாள். சரியான பக்கமாகத் திருப்பி வைத்தாள். வாரை மறுபடி இறுக்கினாள். கொக்கி வெதுவெதுப்பாக இருந்தது, வேறொரு கை அதை இப்போதுதான் விட்டதுபோல. குதிரை அசையாமல் நின்றது, அவள் செய்து முடிக்கும்வரை காத்திருந்தது போலவே.

எர்மெக்கைத் தோள் கொடுத்து ஏற்றினாள். ஏறி உட்கார்ந்ததும் அவன் முதுகு நிமிர்ந்தது. உதட்டில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

"அட" என்றான். "சுகமா இருக்கு. எனக்குன்னே தச்ச மாதிரி இருக்கு."

அங்கவடி வாரைப் பிடித்துக்கொண்டு மேரிம் பக்கத்தில் நடந்தாள். கணவாயின் உச்சியை எப்போது தாண்டினார்கள் என்று தெரியவில்லை. கால் விரல்கள் பூட்ஸின் முன்பக்கம் முட்டத் தொடங்கியபோதுதான் இறங்குகிறோம் என்று புரிந்தது. காற்று முதுகுக்கு வந்தது. பனி மட்டும் குறையவில்லை. குளம்புச் சத்தம் கேட்டது, சேணத் தோல் முனகுவது கேட்டது, எர்மெக் மெல்ல ஏதோ கல்யாணப் பாட்டை முணுமுணுப்பது கேட்டது, எல்லாவற்றுக்கும் அடியில், மலையே பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சுபோல ஒரு நீண்ட ஓசை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காற்று என்றுதான் நினைத்தாள். வெந்நீர் ஊற்றுக்குப் பாதை வலப்பக்கம் பிரியவேண்டும், சிவப்புச் சாயம் பூசிய கல் இருக்கும் என்று வரைபடத்தில் பார்த்திருந்தாள். கல் வந்தது. குதிரை இடப்பக்கம் திரும்பியது.

கடிவாளத்தை இழுத்தாள். கல் தூணை இழுப்பது போல இருந்தது. எர்மெக் இழுத்தான். அதன் காதுகூட அசையவில்லை.

"எறங்கு. நடந்து போயிரலாம். பக்கம்தான்."

"அதுக்கு வழி தெரியுது, அந்தப் பக்கம்தான் புகை வாடை வருதே. யாரோ இருக்காங்க."

புகை வாடை வந்தது. ஆர்ச்சா மரக்கிளை எரியும் வாடை. அவள் காற்று என்று நினைத்த ஓசைக்கு வார்த்தைகள் முளைத்தன.

"என் ஈரக்குலையே... தம்பியே... என் ஈரக்குலையே..."

சரிவில் வெள்ளைக்குள் வெள்ளையாக ஒரு கம்பளிக் கூடாரம். வாசலின் இடப்பக்கம் ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மேலங்கிக்கு மேல் துணியால் இடுப்பைக் கட்டியிருந்தார்கள். கம்பை ஊன்றி, அதன்மேல் குனிந்து அழுதார்கள். இழவு வீடு. அவர்களுடைய தோள்களில் பனி ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது. யாரும் அதைத் தட்டிவிடவில்லை.

மேரிமுக்கு முதலில் வந்தது நிம்மதிதான், அதை நினைத்து அவளுக்கே பிறகு உடம்பு கூசியது. ஆக, இவர்களுடைய குதிரை. இவர்களுடைய சாவு. குதிரை வீடு திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே அடுப்பு இருக்கும். எவனோ பாவம் செத்ததில் என் புருஷன் பிழைப்பான்.

இழவு வீட்டுக்குள் வாயை மூடிக்கொண்டு யாரும் போவதில்லை. செத்தது யாரென்று தெரியாவிட்டாலும், வழியில் போகிறவனானாலும், ஆண் தூரத்திலிருந்தே ஓலமிட்டுக்கொண்டு போகவேண்டும், பெண் உள்ளே போய் உட்கார்ந்து கூட அழவேண்டும். எவன் செத்தான் என்று வாசலில் நின்று கேட்பது நாகரிகமில்லை. எர்மெக்குக்குக் குதிரை தெரியாது, மலை தெரியாது. சபை மரியாதை நன்றாகத் தெரியும். தொழிலே அது. சேணத்தில் இருந்தபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்து, முந்நூறு பேர் கேட்கிற குரலை எடுத்தான்.

"தம்பியே! என் ஈரக்குலையே!"

வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது.

நான்கு பேர் வந்தார்கள். துக்கத்துக்கு வருகிறவர்களை இரண்டு பக்கமும் கைத்தாங்கலாக இறக்குவது வழக்கம்தான். அப்படித்தான் இறக்கினார்கள், மிகவும் மெதுவாக, கால் தரையில் படாதபடி. எர்மெக் அவர்களுடைய தோளுக்கு மேலாகத் திரும்பி அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"சூடா டீ கிடைக்கும், டீச்சர். நல்லா அழு."

அவள் நன்றாகவே அழுதாள். வாசல் கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு நுழையும்போதே முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். கஷ்டப்படவில்லை. காலையிலிருந்து உள்ளே தேங்கி நின்றது எல்லாம் அந்த மரியாதையோடு சேர்ந்து வெளியே வந்தது.

உள்ளே இருட்டு, புகை, புளித்த பால், ஈரக் கம்பளி. நடுவில் அடுப்பு, அடுப்பின்மேல் பெரிய கொப்பரை, அதில் தண்ணீர். டீ இல்லை. தண்ணீரில் ஆர்ச்சாக் கிளைகள் மிதந்தன. வலப்பக்கம் பெண்கள் சுவரைப் பார்த்து முதுகு காட்டி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒதுங்கி உட்காரலாம் என்று அவள் நகர்ந்தாள். பெண்கள் விலகினார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் காலியாக இருந்தது. அங்கே விரித்திருந்த மெத்தையில் யாரும் உட்கார்ந்த குழிவு இல்லை.

கைகள் அவளை அங்கே இருத்தின. அன்பான கைகள். தலையிலிருந்து சிவப்புக் குல்லாவை எடுத்தன. கறுப்பு முக்காட்டைப் போட்டு, தாடைக்கு அடியில் முடிந்தன.

கறுப்பு முக்காடு செத்தவனின் மனைவி ஒருத்திக்குத்தான் போடுவார்கள்.

"அம்மா" என்றாள் மேரிம், பக்கத்திலிருந்தவளிடம், மெல்ல. "நாங்க வழியில வந்தவங்க. நீங்க ஆள் மாத்தி..."

"தெரியும், கண்ணு. தூரத்துல இருந்து வர்றே. பனி வேற. அதான் காத்துக்கிட்டிருந்தோம்."

"யாரு... யாரு செத்தது?"

அந்தப் பெண் கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அத வாயால சொல்ல வைக்கலாமா?"

மேரிம் திரும்பிப் பார்த்தாள். பின்னால், மூன்று நான்கு முழ தூரத்தில், பிணம் கிடத்தும் இடத்தை மறைத்து ஒரு திரை தொங்கியது. திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியே தெரிந்தது கோரைப்பாய். ஒரு மரத்தொட்டி. மடித்துவைத்த வெள்ளைத் துணி.

பாயில் யாரும் இல்லை.

வெளியே எர்மெக்கின் குரல் கேட்டது. "இல்லண்ணே, இப்ப பரவாயில்ல... சும்மா கொஞ்சம் மூச்சு... ஆமா, அவ உள்ள இருக்கா... அப்படியா? சரி, உங்க வீடு, நீங்க சொன்னாச் சரி." யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்கள். எர்மெக் சிரித்தான்.

வாசல் கம்பளம் விலகியது. நான்கு பேரும் அவனைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மேலங்கியைக் கழற்றியிருந்தார்கள். பூட்ஸைக் கழற்றியிருந்தார்கள். கறுப்பு முக்காட்டில் அவளைப் பார்த்ததும் அவன் ஒரு கணம் குழம்பினான். பிறகு வழக்கம்போலச் சமாளித்தான்.

"ஒனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றான். "ஒரு அஞ்சு நிமிஷம் சாயறேன், டீச்சர். ரொம்ப அசதி. எழுந்திரிக்காத."

திரை விலகியது. மூடியது. பாய் சரசரத்தது.

மேரிம் எழப் பார்த்தாள்.

எழ முடியவில்லை. முழங்காலின் மேல் கைகள். தோளில் கைகள். அழுத்தவே இல்லை. ஆனால் எழ முடியவில்லை.

"அவரு சாகல!" என்று கத்தினாள். "அவரு உயிரோட இருக்காரு!"

பெண்கள் ஆடினார்கள். "உயிரோட இருக்காரே..." என்று ஒரே குரலில் வாங்கிப் பாடினார்கள். "உயிரோட இருக்காரே, எங்க உறவெல்லாம் சாட்சி..."

"எர்மெக்! எழுந்து வா! வீட்டுக்குப் போலாம்!"

"வீட்டுக்குப் போலாமே... எழுந்து வாராரோ..."

மேரிமுக்கு அப்போது புரிந்தது. இந்த இடத்தில் உட்கார்ந்து வேறு எதைச் சொல்ல முடியும்? உலகத்தில் எந்த ஒப்பாரியும் இதைத்தானே சொல்கிறது. சாகவில்லை என்று சொல்கிறது. எழுந்து வா என்று சொல்கிறது. அவள் எதைக் கத்தினாலும் அது ஒப்பாரிதான். வாயை மூடினாள். பற்களைக் கடித்தாள். பெண்கள் ஆடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். கொப்பரையிலிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. தொட்டியில் கொட்டும் சத்தம்.

"டீச்சர்" என்றது திரைக்கு அந்தப் பக்கம் எர்மெக்கின் குரல். "தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. நல்லா கவனிக்கிறாங்க. பேர்கூட கேக்காம."

"நான்தான்!" வாய் தானாகத் திறந்துகொண்டது. "டாக்டர் ஏறக்கூடாதுன்னாரு! எனக்குத் தெரியும்! நான்தான் சொல்லல! நான்தான் சேணத்தத் திருப்பினேன்!"

"நான்தானே... நான்தானே... சேணம் திருப்பினேனே..."

வயதான ஒருத்தி அவள் காதோரம் குனிந்தாள். மூச்சில் சூடு இல்லை. "நல்லா அழறே, கண்ணு. பேச்சு வராம ஊமையா உக்காந்துருவியோன்னு பயந்துட்டோம். குடுத்து வச்சவன்."

தண்ணீர். மறுபடி தண்ணீர். வலப்பக்கம் மூன்று முறை, இடப்பக்கம் மூன்று முறை. பிணத்தைக் குளிப்பாட்டும் அந்த வரிசை அவளுக்குத் தெரியும்.

துணி கிழியும் சத்தம். நீளமாக.

"இது எதுக்குங்க?" என்றான் எர்மெக். மரியாதையாகத்தான் கேட்டான். "துண்டா? பெருசா இருக்கே." துணி மறுபடி கிழிந்தது. "அண்ணே, கால ஏன் கட்டுறீங்க?" பிறகு ஒரு சிரிப்பு, கல்யாண மேடையில் வேடிக்கை எடுபடாதபோது அவன் சிரிக்கும் சிரிப்பு. அது நடுவில் நின்றது. "மேரிம்?"

இருபது வருஷத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது நாலைந்து தடவைதான்.

"மேரிம், இங்க என்னமோ சரியில்ல."

அவள் திமிறினாள். நகத்தால் கீறினாள். கைகள் வலிக்காத மாதிரி, வருத்தப்படாத மாதிரி, அவளைத் தடவிக்கொடுத்தன. கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது.

திரைக்கு அடியிலிருந்து அவனுடைய கை வந்தது.

வலது கை. ஈரமாக. சிவந்து. உயிரோடு. தோலிலிருந்து ஆவி எழுந்தது. கம்பளத்தைத் தட்டித் தட்டித் தேடியது, இருட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவன்போல, அவள் பக்கமாக. அவள் தன் கையை நீட்டினாள். ஒரு முழம் குறைந்தது. அரை முழம். அவனுடைய விரல் நுனி அவளுடைய நகத்தில் பட்டது. சூடு.

திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு கை இறங்கியது. வெள்ளைத் துணியுறை மாட்டிய கை. அவசரம் இல்லை. எர்மெக்கின் மணிக்கட்டைப் பிடித்தது. தூங்கும் குழந்தையின் கைபோல ஏந்திக்கொண்டது. மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தியது. கட்டை விரல். ஆள்காட்டி விரல். நடு விரல். விரல்கள் மறுபடி மடங்கின. அது மறுபடி நிமிர்த்தியது. கொஞ்சமும் சலிக்காமல். பிறகு கையைத் திரைக்கு உள்ளே எடுத்துக்கொண்டு போனது.

உள்ளே துணியைச் சுற்றும் சத்தம். துணிக்குள் அவன் குரல், பேசிக்கொண்டே இருந்தது. வார்த்தை புரியவில்லை. ஒரு சுற்று. குரல் மங்கியது. இன்னொரு சுற்று.

பெண்கள் எல்லோரும் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி மேரிமைப் பார்த்தார்கள். கண்ணீர் வழிய, பாசத்தோடு, அவளுடைய ஒப்பாரியின் அடுத்த அடிக்காகக் காத்திருந்தார்கள்.